ஓட்டில்லாத நாற்காலி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. பாளையங்கோட்டை சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். சட்டப் பட்டதாரிகளை ராணுவத்தில் அதிகாரிகளாகச் சேர்க்கும் ஜாக் பிரிவுக்கு விண்ணப்பிக்க ஆசை. எல்லையில் நிற்க வேண்டியதில்லை, அலுவலக வேலைதான், சீருடையும் மரியாதையும் உண்டு என்கிறார்கள். அப்பாவோ, "கறுப்புக் கோட்டுப் போடப் படிக்க வைத்தேன், பட்டாளத்துக்கு அனுப்பவா?" என்று கோபப்படுகிறார். பெண்களுக்கு இடம் குறைவு என்றும் கேள்விப்பட்டேன். என் ஆங்கிலமும் சுமார்தான். இங்கே ஒரு சீனியரிடம் சேர்ந்து தொழில் பழகுவதா, அங்கே போவதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எந்த வேலைக்குப் போகலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், கடிதம் வந்த அதே வாரத்தில் எங்கள் ஊர் வீட்டு மச்சைத் துப்புரவு செய்தபோது சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி என் கைக்கு வந்ததுதான்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வயது 21 முதல் 27 வரை, சட்டப் படிப்பில் 55 சதவீதம், கிளாட் என்னும் சட்ட நுழைவுத் தேர்வில் முதுநிலைத் தாளின் மதிப்பெண், அதன்பின் எஸ்.எஸ்.பி. என்னும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தில் ஐந்து நாள். தேறினால் சென்னை பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி. முதலில் பத்தாண்டுப் பணி, விரும்பினால் மேலும் நான்காண்டு நீட்டிப்பு. பெண்களுக்கு இடம் குறைவு என்பது பழைய கதை. ஒரு தேர்வில் ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு மூன்று என்று இடம் பிரித்ததை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்த துறையிலேயே படித்துக்கொண்டு அதைக் கேள்விப்படாமல் இருப்பது உங்கள் குற்றம். ஆங்கிலம் பழகினால் வரும். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

"அலுவலக வேலைதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காக உங்களை நேரில் பார்த்திருந்தால் திட்டியிருப்பேன். பரங்கிமலையில் மற்றவர்கள் ஓடும் தூரத்தை நீங்களும் ஓடியாக வேண்டும், வக்கீல் என்று யாரும் சலுகை காட்டமாட்டார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த அலுவலகத்தில் என்ன வேலை நடக்கிறது என்று யாரிடமாவது கேட்டீர்களா?

கோர்ட் மார்ஷல் என்பது ராணுவத்தின் சொந்த நீதிமன்றம். அதில் ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்றால் குறைந்தது ஐந்து அதிகாரிகள் நீதிபதிகளாக அமர்வார்கள். அவர்களில் எவரும் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. அவர்களோடு ஜட்ஜ் அட்வகேட் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம். நீங்கள் போக விரும்பும் நாற்காலி அதுதான். அந்த நாற்காலிக்கு ஓட்டுக் கிடையாது. குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது அந்த ஐவர். எது சட்டம், எது சாட்சியம் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்வது மட்டுமே உங்கள் வேலை. ஆனால் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியைவிடப் பதவியில் இளையவர் அங்கே ஜட்ஜ் அட்வகேட்டாக இருக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் சொன்னது. ஓட்டில்லாதவரின் சொல்லுக்கு அங்கே எவ்வளவு எடை என்பதை இதைக்கொண்டே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சிப்பாய்களுக்கு நடக்கும் சம்மரி கோர்ட் மார்ஷலில் அந்த நாற்காலியும் இல்லை. கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். உடன் அமரும் இருவர் சாட்சிக்கு இருப்பதுபோல் இருப்பார்கள். நம் பக்கத்துக் கயத்தாறு உங்களுக்குத் தெரியும். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி, பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய அதே மேஜர் பானர்மேன், சுற்றுப்பட்டுப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து, தானே விசாரித்து, தானே தீர்ப்பளித்துக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டான். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு வீரத்தைவிட அந்த விசாரணைதான் நினைவுக்கு வரும். குடியரசின் ராணுவத்தை கம்பெனிப் படையோடு ஒப்பிடுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். 1987-இல் தீர்ப்பான ரஞ்சித் தாக்கூர் வழக்கைப் படித்துவிட்டு வாருங்கள். ஓர் அதிகாரியின் மேல் மேலிடத்துக்குப் புகார் எழுதிய சிப்பாய் அவர். காவலில் இருந்தபோது சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறினார் என்று ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் விதித்தார்கள். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்தவர்களில் அவர் புகார் சொன்ன அதிகாரியும் ஒருவர். உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது.

என் சித்தப்பா உச்ச நீதிமன்றம் வரை போகவில்லை. பாளையங்கோட்டைக் கோர்ட்டு வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. களக்காட்டுக்கு அருகில் எங்கள் ஊர். பதின்மூன்று வருடம் பட்டாளத்தில் இருந்தவர், ஆச்சி சாகக் கிடக்கிறாள் என்று லீவில் வந்தார். லீவு முடிந்த மறுநாள் ஆச்சி இறந்துபோனாள். கொள்ளி வைத்தவர் என்பதால் பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டுத்தான் ரயிலேறினார். பெட்டியில் கிடந்த தாளில், "போதிய காரணமின்றி லீவு முடிந்தும் வராதிருந்தமை" என்ற பொருளில் குற்றச்சாட்டு ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றும், பணிநீக்கம் என்றும். சிப்பாய்க்குப் பென்ஷனுக்குப் பதினைந்து வருடம் வேண்டும். இரண்டு வருடம் குறைந்தது.

சட்டம் படிக்கிறவர் நீங்கள், கொஞ்சம் நின்று யோசியுங்கள். குற்றம் லீவைத் தாண்டியது மட்டுமல்ல. போதிய காரணமில்லாமல் தாண்டியது. தாய்க்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்தவன் "ஆமாம் சாப்" என்று தலையாட்டினால் எதற்குத் தலையாட்டினான்? பிந்தி வந்ததற்கா, காரணமில்லை என்பதற்கா? ஒப்புக்கொள்பவனுக்குக் குற்றச்சாட்டின் தன்மையையும் ஒப்புக்கொள்வதன் விளைவையும் விளக்க வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகள் சொல்கின்றன. அவன் விளைவு தெரியாமல் ஒப்புக்கொண்டதாகத் தெரிந்தால் அதை அடித்து, ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிக்கொண்டு விசாரிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்த சித்தப்பாவிடம் "போதிய காரணமின்றி" என்ற அந்த இரண்டு வார்த்தையை யாரும் விளக்கவில்லை. "ஒத்துக்கோ, சின்ன தண்டனையோட போயிரும்னாங்க" என்று சித்தியிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

சம்மரி கோர்ட் மார்ஷல் நடவடிக்கைகள் அத்தோடு முடிவதில்லை. மேலதிகாரிக்குப் போகின்றன, அவர் அதை ரத்து செய்யலாம், தண்டனையைக் குறைக்கலாம். அவருக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் மேஜையில் ஜாக் அதிகாரி ஒருவர் அந்தத் தாளைப் படிப்பார். சித்தப்பாவின் தாளையும் ஒருவர் படித்திருக்க வேண்டும். அவர் என்ன படித்தார், படித்தாரா, மதியச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்றெல்லாம் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அலுவலக வேலை என்று சொன்னது இதைத்தான்.

ஊர் திரும்பியபின் சித்தப்பா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. அழகான கையெழுத்து அவருக்கு; பட்டாளத்திலிருந்து வந்த கார்டுகளைப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கடையிலும் கூட்டுறவு வங்கியிலும் கைநாட்டுத்தான் வைத்தார். சித்திக்கு அது பெரிய அவமானம். கேட்டால், மையைக் கைத்துண்டில் துடைத்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

சீனியரிடம் சேர்வதா என்று கேட்டிருந்தீர்கள். சேருங்கள், தப்பில்லை, வாய்தா வாங்கப் பழகுவீர்கள். ராணுவத்துக்குப் போவதாக இருந்தால் விண்ணப்பத்துக்கு முன் ராணுவச் சட்டத்தின் 39-ஆம் பிரிவையும் 1954-ஆம் ஆண்டு விதிகளில் சம்மரி கோர்ட் மார்ஷல் பகுதியையும் படித்து, சித்தப்பாவின் தாள் உங்கள் மேஜைக்கு வந்தால் குறிப்பில் என்ன எழுதுவீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதினால் போதும். அதைப் படித்தபின், அடுத்த மாதம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வரும்போது உங்கள் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.