தோழியின் ரிலாக்ஸரை நானும் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் தோழி கறுப்பினப் பெண். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரிலாக்ஸர் போட்டு முடியை நேராக்கிக்கொள்கிறார். அவ்வளவு அழகான சுருள்முடியை எதற்காக மாற்றுகிறார் என்று கேட்க வாய் வரை வரும், கேட்டதில்லை. ரிலாக்ஸரால் கருப்பைப் புற்றுநோய் வரலாம் என்று செய்தி படித்ததிலிருந்து, அவரிடம் சொல்லலாமா என்று வேறு யோசனை. என் முடியும் சுருட்டைதான். போன வருடம் சென்னையில் ரீபாண்டிங் செய்தேன். இப்போது வேர்ப்பக்கம் பழையபடி சுருள ஆரம்பித்துவிட்டது. "என் டப்பாவிலேயே உனக்கும் போட்டுவிடுகிறேன்" என்கிறார் தோழி. போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். போடாதீர்கள்.

ரீபாண்டிங்கும் ரிலாக்ஸரும் முடியை நேராக்குபவைதானே என்று தோன்றும். ஆனால் முடிக்குள்ளே இரண்டும் செய்யும் வேலை வேறு. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்து முடிக்கு வடிவம் தருவதில் பெரும்பங்கு கந்தகப் பிணைப்புகளுக்கு. ரீபாண்டிங்கில் தயோகிளைகோலேட் (சுருக்கமாக 'தயோ') என்ற ரசாயனம் இந்தப் பிணைப்புகளை அவிழ்க்கும். பிறகு அயர்ன் வைத்து நீவி, நியூட்ரலைசர் போட்டதும் அவை புதிய வடிவத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். ரிலாக்ஸரில் இருப்பது கடுமையான காரம். 'லை' வகை என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் காஸ்டிக் சோடா என்கிறோமே, அதேதான். 'நோ லை' என்று போட்டிருக்கும் வீட்டு உபயோகப் பெட்டிகளில் பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடு கிரீம் ஒன்று, குவானிடின் கார்பனேட் திரவம் ஒன்று என இரண்டு இருக்கும். போடும் நேரத்தில் கலந்தால் குவானிடின் ஹைட்ராக்சைடு கிடைக்கும். எந்த வகையானாலும் பிஹெச் 12, 13 என்றுதான் நிற்கும். இந்தக் காரம் பிணைப்பிலிருந்து ஒரு கந்தக அணுவையே பிடுங்கிவிடுகிறது. மிஞ்சுவது லான்தியோனின் என்ற வேறொரு பிணைப்பு. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த மருந்தும் இல்லை.

தயோ பட்ட முடியில் ஹைட்ராக்சைடு பட்டால் இழை தாங்காது. அலசும்போதே கொத்தாக அறுந்து கையோடு வரும். வேரில் மட்டும் போட்டால் என்ன என்று நினைப்பீர்கள். புது முடியும் ரீபாண்டிங் செய்த முடியும் சேரும் இடத்தில் கிரீம் கொஞ்சம் வழிந்தாலே போதும், சரியாக அந்தக் கோட்டில் முடி ஒடியும். தோழியின் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை. அவர் முடியில் தயோ பட்டதில்லை, உங்கள் முடியில் பட்டிருக்கிறது.

சரி, அவர் ஏன் போடுகிறார்?

கேட்காமல் விட்டது நல்லது என்பேன். அந்தக் கேள்வியை அவர் பள்ளிக்காலத்திலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கக்கூடும். ஒவ்வொரு பெண்ணுக்கும் பதில் வேறு என்பதால், உங்கள் தோழியின் பதிலை நான் சொல்ல முடியாது. பொதுவாக இந்த முடிவுக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கின்றன என்று சொல்கிறேன்.

முதலில் நேரம். இறுகச் சுருண்ட ஆப்பிரிக்க முடியின் வேர்ப்பையே வளைந்திருக்கும். இழையின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டம். தலையில் சுரக்கும் எண்ணெய் இத்தனை வளைவுகளைத் தாண்டி நுனிக்கு இறங்குவதில்லை, அதனால் முடி சீக்கிரம் வறளும். ஒவ்வொரு வளைவும் ஒடிவதற்கு வாகான இடம். கறுப்பினப் பெண்கள் 'வாஷ் டே' என்று சொல்வார்கள். தலை குளிப்பதற்கென்றே ஒதுக்கிய நாள் அது. முடியை நான்காகவோ எட்டாகவோ பகுத்துக் கிளிப் போட வேண்டும். கண்டிஷனரை வழிய வழியத் தடவி, விரலாலோ அகலப் பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கு எடுக்க வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் பாதி முடி சீப்போடு வந்துவிடும். அப்புறம் ஈரம் போகாமலிருக்க கிரீம், எண்ணெய். ஒவ்வொரு பகுதியையும் முறுக்கியோ பின்னியோ காயவிட்டு, இரவு சாட்டின் துணி கட்டிப் படுக்க வேண்டும். சிலருக்கு இதில் அரை நாள் போய்விடும். 12 மணி நேர ஷிப்ட் பார்க்கும் நர்ஸுக்கு அரை நாள் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரிலாக்ஸர் போட்ட முடியில் சீப்பு நேராக இறங்கும். காலையில் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். "எனக்குச் சுலபமாக இருக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால், அதற்குப் பின்னால் வேறு காரணம் தேடாமல் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பழக்கம். பல பெண்களுக்கு முதல் ரிலாக்ஸர் எட்டு, பத்து வயதிலேயே போடப்பட்டது. அதற்கு முன் அடுப்பில் சூடேற்றிய இரும்புச் சீப்பு. அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, காது சுட்டுவிடாமல் மடக்கிப் பிடித்துக்கொள்ளும் குழந்தைகளை அந்தச் சமூகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1990களில் சிறுமிகளுக்கென்றே, சிரிக்கும் குழந்தை படம் போட்ட ரிலாக்ஸர் பெட்டிகள் கடைகளில் குவிந்திருந்தன. இப்படி வளர்ந்தவர்களில் பலர் தங்கள் சொந்த முடி எப்படி இருக்கும் என்று பெரியவர்களான பிறகு பார்த்ததே இல்லை. அதைக் கையாள்வது எப்படி என்று சொல்லித்தர வீட்டிலும் ஆள் இல்லாமல் போனது. இதற்காக அந்த அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் ஆசிரியர் 'கலைந்த தலை' என்று பிள்ளையை ஒதுக்கிவிடக் கூடாதே என்று பயந்து செய்தார்கள்.

அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டப் பதிவுகளே சாட்சி. 1786இல், ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில் ஆளுநர் மிரோ, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பழைய கதை என்று விட்டுவிடலாம் என்றால், 1981இல் ஒரு கறுப்பினப் பெண் ஊழியர் பின்னலோடு வேலைக்கு வரக் கூடாது என்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸின் விதியை நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் சரி என்றது. 2016இல், சடைமுடியை வெட்ட மறுத்த அலபாமா பெண்ணுக்குக் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றது இனப் பாகுபாடு ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கையான முடிக்காக ஒருவரை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக் கூடாது என்னும் 'கிரவுன்' சட்டத்தை முதன்முதலாக 2019இல் கலிபோர்னியா கொண்டுவந்தது. உங்கள் டெக்சாஸில் அது நடைமுறைக்கு வந்தது 2023 செப்டம்பர் 1 அன்று. அதே பருவத்தில் ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒரு பள்ளி, சடைமுடி நீளமாக இருக்கிறது என்று ஒரு கறுப்பின மாணவனை மாதக்கணக்கில் வகுப்புக்கு வெளியே வைத்தது. நீளத்துக்கு விதி போடுவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அங்குள்ள நீதிபதியும் சொல்லிவிட்டார்.

மிஷெல் ஒபாமாவே 2022இல் வாஷிங்டன் மேடையொன்றில் இதைச் சொன்னார். வெள்ளை மாளிகையில் இருந்த எட்டு ஆண்டுகளும் அவர் முடியைப் பின்னிக்கொள்ளவில்லை. கறுப்பினக் குடும்பம் ஒன்று அங்கே இருப்பதற்கே மக்கள் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்கள், பின்னலும் சேர்ந்தால் தாங்க மாட்டார்கள் என்று நினைத்தாராம். நாட்டின் முதல் பெண்மணிக்கே அந்தத் தயக்கம் இருந்தால், வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் இருபத்திரண்டு வயதுப் பெண் என்ன நினைப்பார்?

அதற்காக ரிலாக்ஸர் என்பது வெள்ளையர்கள் இவர்கள் தலையில் கட்டியது என்று எழுதினால் அதுவும் தப்பு. முடியை நேராக்கும் கிரீமை 1910களில் விற்ற காரெட் மார்கன் ஒரு கறுப்பினக் கண்டுபிடிப்பாளர். புகையிலிருந்து காக்கும் முகக்கவசத்துக்கும் போக்குவரத்து சிக்னலுக்கும் காப்புரிமை பெற்ற அதே மார்கன்தான். 1954இல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய நிறுவனம் ரிலாக்ஸரை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. 1971இல் 'அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்' என்ற பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதல் கறுப்பின நிறுவனமும் அதுவே. அழகு நிலையங்கள் கறுப்பினப் பெண்கள் சொந்தக் காசு சம்பாதித்த இடங்கள். அரசியல் பேசிய இடங்களும்கூட. இந்த வரலாறு முழுவதும் ஒரு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. கடைசியாக, ரசனை என்றும் ஒன்று உண்டு. சில பெண்கள் ரிலாக்ஸரை நிறுத்தி, முடியை ஒட்ட வெட்டி, இயற்கையாக வளர்த்து, நான்கு வருடம் கழித்து யோசித்தே மறுபடி ரிலாக்ஸருக்குத் திரும்புகிறார்கள். அவர்களைப் பார்த்து 'தன்னையே வெறுக்கிறார்' என்று தீர்ப்பு எழுத யாருக்கும் உரிமை இல்லை.

இனி புற்றுநோய். நீங்கள் படித்த செய்தி பெரும்பாலும் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வு நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்தார்கள். 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்தது. ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தியவர்களுக்கு வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இரண்டு மடங்கு என்றதும் நெஞ்சு பதறும். 70 வயதுக்குள் அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களில் 100க்கு 1.64, அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05. போட்டவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது வரவில்லை என்பதும் இந்த எண்ணிலேயே இருக்கிறது. கறுப்பினப் பெண்களை மட்டும் வைத்து பாஸ்டன் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற பிறகான வயதில் இருந்த, நீண்டகாலம் ரிலாக்ஸர் போட்டவர்களிடம் வாய்ப்பு 50 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. இவை தொடர்பைக் காட்டுகின்றன. எந்த ரசாயனம், எந்த பிராண்ட் என்று முதல் ஆய்வில் கேட்கவே இல்லை. தலைத்தோல் வெந்து புண்ணாகும்போது உள்ளே போகும் வாசனைப் பொருள்கள் மீதும் பதப்படுத்திகள் மீதும் சந்தேகம் இருக்கிறது. நிரூபணம் ஆகும் வரை காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குறைத்துக்கொள்ள இந்த ஆதாரமே போதும் என்பது என் கருத்து.

அவரிடம் சொல்லலாமா? அவரும் நர்ஸ். அமெரிக்காவில் இதைப் பற்றி ஆயிரக்கணக்கில் வழக்குகள் நடக்கின்றன, வக்கீல்களின் விளம்பரம் டிவியில் ஓடுகிறது. அநேகமாக அவருக்குத் தெரியும். அவர் பேச்சை எடுத்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால், உங்களுக்குப் போட வேண்டாம் என்று மறுக்கும்போது ரீபாண்டிங் காரணத்தை மட்டும் சொன்னால் போதும். "உன் முடி அப்படியே அழகாக இருக்கிறதே" என்று ஆரம்பிக்காதீர்கள்.

அவர் தொடர்ந்து போடுவதாக இருந்தால், நானாக இருந்தால் என்ன சொல்வேன் என்பதையும் எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதை மூன்று மாதமாகத் தள்ளலாம். புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் போட வேண்டும். ஏற்கெனவே போட்ட நீளத்தில் மறுபடி படக் கூடாது. முந்தைய சில நாட்களில் தலையைச் சொறியவோ அழுத்திச் சீவவோ கூடாது. தலைத்தோலிலும் காதோரத்திலும் வேஸ்லின் தடவிக்கொள்ள வேண்டும். எரிய ஆரம்பித்தால் 'இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராமல் உடனே அலசிவிட வேண்டும்; அந்த எரிச்சல் தோல் வேகிறது என்பதற்கான அடையாளம். போட்ட கையோடு இறுக்கமான பின்னல் வேண்டாம், நெற்றியோர முடி உதிர்வது அதனால் அதிகமாகிறது. உச்சந்தலையில் முடி மெலிந்து, தொட்டால் வலித்தாலோ கூச்சமெடுத்தாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தழும்பாக மாறும் ஒருவகை முடி உதிர்வு அங்கேதான் தொடங்குகிறது. தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைக்காது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அதற்கு முன் இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தப்போக்கு இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் இந்தப் புற்றுநோயில் இறக்கும் விகிதம் வெள்ளையினப் பெண்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாமதமாகக் கண்டுபிடிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் முடிக்கு வருவோம். கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று யாராவது ஆசை காட்டினால், அதில் பல வகைகள் சூடுபடும்போது பார்மால்டிஹைடு ஆவியை விடும் என்பது நினைவிருக்கட்டும். பார்மால்டிஹைடு இல்லை என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும்; அதனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. மறுபடி ரீபாண்டிங்கே வேண்டுமென்றால் தயோ வகையிலேயே, சுருள ஆரம்பித்த வேர்ப்பகுதிக்கு மட்டும் செய்யச் சொல்லுங்கள். போன வருடம் செய்ததையும் இடையில் ஹேர் டை போட்டிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிடரிக்கு மேல் உள்ளடங்கிய இடத்தில் மெல்லிய ஒரு கற்றையில் மட்டும் முதலில் போட்டுப் பார்க்கட்டும். அலசிக் காய்ந்த பிறகு அந்தக் கற்றையை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பராக நீண்டாலோ அறுந்தாலோ அன்றைக்கு எழுந்து வந்துவிடுங்கள்.