நீர்க்கடுப்புக் குளிசை: நுரையீரல், ஈரல் பற்றிய கேள்வி பதில்

நீர்க்கடுப்புக்கு (சிறுநீர்த் தொற்றுக்கு) கொடுக்கும் நைட்ரோஃபியூரன்டோயின் குளிசை பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் தருகிறேன். நான் பார்மசியில் வேலை, டொக்டர் இல்லை.

தலவாக்கலையிலிருந்து: குளிசை தொடங்கி மூன்றாம் நாள். காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்குகிறது. குளிரில் பிடித்த சளியாக இருக்குமா?

அடுத்த குளிசையைப் போடாமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் அக்கா. நம் பக்கம் யார் இருமினாலும் பனி என்று சொல்லி கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிடுவோம், அதில்தான் மருந்தால் வரும் இந்த நுரையீரல் ஒவ்வாமை கண்ணுக்குத் தப்பிப்போகிறது. மருந்து தொடங்கிய முதல் மாதத்துக்குள் நுரையீரல் ஒவ்வாமையாகக் கிளம்பினால் காய்ச்சல், நடுக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எல்லாம் நிமோனியா மாதிரியே இருக்கும், அதனால் டொக்டரிடம் குளிசை அட்டையைக் காட்டாவிட்டால் அவரும் அப்படித்தான் நினைப்பார். நிறுத்தினால் பெரும்பாலும் சீக்கிரம் தெளிந்துவிடும். மறுபடி எடுத்தால் சில மணி நேரத்திலேயே வரலாம், ஆகவே கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். மூச்சு விடவே கஷ்டமென்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: அம்மாவுக்கு 68 வயது. நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதால் எட்டு மாதமாக இரவில் ஒன்று போடுகிறார். இப்போது லயத்துப் படி ஏறவே இளைக்கிறது. வயசுதானே?

வயசு என்று முடிவுகட்டாதீர்கள் தம்பி. ஆறு மாதத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு மெல்ல மெல்ல நுரையீரல் தழும்பாகலாம், தாமதித்தால் முழுதாகத் திரும்பாது. இன்றிரவு கொடுக்க முதல் டொக்டரைக் கேளுங்கள். எக்ஸ்ரேயோடு ஈரல் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், ஏனென்றால் நீண்ட நாள் எடுக்கும் வயதான பெண்களுக்குத்தான் ஈரல் அழற்சி கூடுதலாக வருகிறது, தொடக்கத்தில் ஒன்றுமே தெரியாது. 2023இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இந்த இரண்டையும் மருத்துவர்களுக்கு மீண்டும் நினைவூட்டியது.

ஹட்டனிலிருந்து: சிறுநீர் தேயிலைச் சாயம் போல வருகிறது. ஈரல் போய்விட்டதா?

பெரும்பாலும் மருந்தின் நிறம்தான், பயம் வேண்டாம். கண் மஞ்சளானால், உடம்பு அரித்தால், சாப்பாடு பிடிக்காமல் போனால் அது வேறு கதை, அன்றே காட்டுங்கள்.

அதே ஆள்: அப்போ ஐந்து நாள் கோர்ஸையும் விட்டுவிடவா?

வேண்டாம். குறுகிய கோர்ஸில் இதெல்லாம் அபூர்வம். சாப்பாட்டோடு போடுங்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சிய அட்டையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.