வரிப் பாக்கி ஏலத்தில் நிலம் வாங்கலாமா?

கேள்வி: டல்லாஸில் இருக்கும் என் அண்ணன் மகன், வரி கட்டாதவர்களின் வீடுகளை அரசு ஏலத்தில் எடுத்து நல்ல லாபம் பார்ப்பதாகச் சொல்கிறான். இதைக் கற்றுத்தரும் இணைய வகுப்புக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். அடுத்த ஆண்டு ஓய்வு பெறும்போது எனக்கு 18 லட்சம் வரும். பிள்ளைகளுக்குச் சொத்து சேர்க்க, கிருஷ்ணகிரியிலும் இந்த வழி உண்டா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சகோதரி, அந்த வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம், அது வேறொரு நாட்டின் சட்டம். டெக்சாஸில் வீட்டு வரி ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் வரும். பாக்கி விழுந்தால் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் நீதிமன்றத் தீர்ப்புப் பெற்று, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம் விடுகிறது. எடுத்தவருக்கு உடனே முழு நிம்மதி கிடைப்பதில்லை. பழைய உரிமையாளர், குடியிருந்த வீடோ விவசாய நிலமோ ஆனால் 2 ஆண்டுகளுக்குள்ளும், மற்றவற்றைப் பொதுவாக 180 நாட்களுக்குள்ளும் மீட்கலாம். முதல் ஆண்டில் ஏலத்தொகைக்கு மேல் 25 சதவீதம் தர வேண்டும். உங்கள் அண்ணன் மகன் சொல்லும் லாபத்தில் இதுவும் ஒரு பங்காக இருக்கலாம்.

நம் பக்கத்தில் நிலவரி ஏக்கருக்குச் சில ரூபாய்தான் என்பதால், அதற்காக நிலம் ஏலத்துக்கு வருவது அரிது. வருபவை பெரும்பாலும் வேறு அரசுப் பாக்கிகளுக்காக 1864-ஆம் ஆண்டின் வருவாய் மீட்புச் சட்டப்படி ஜப்தியானவை, அல்லது கடன் கட்டாதவர்களின் அடமானச் சொத்தை 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கிகள் விற்பவை. அந்த நிலத்துக்கே உரிய நிலவரிப் பாக்கிக்காக விற்றால் மட்டுமே அது வில்லங்கங்கள் நீங்கி வாங்கியவர் கைக்கு வரும். பிற பாக்கிகளுக்காக விற்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே, எந்தப் பாக்கிக்காக ஏலம் என்பதை முதலில் கேளுங்கள். விற்ற 30 நாட்களுக்குள் பாக்கியையும் ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் கட்டி விற்பனையை ரத்து செய்யக் கோரவும் பழைய உரிமையாளருக்கு இங்கே வழி உண்டு.

பலர் இடறுவது பணத்தின் கெடுவில். 18 லட்சத்துக்கு ஏலம் முடிந்தால், வருவாய்த்துறை ஏலத்தில் அங்கேயே 15 சதவீதம், அதாவது 2,70,000 ரூபாய் வைத்து, மீதியை 30 நாட்களுக்குள் கட்ட வேண்டும். வங்கி ஏலத்தில், ஏலம் கேட்க முன்கூட்டியே கட்டும் முன்வைப்புத்தொகையையும் சேர்த்து 4,50,000 ரூபாயை அன்றோ மறு வேலைநாளிலோ கட்டி, விற்பனை உறுதியான 15 நாட்களுக்குள் மீதியைக் கட்ட வேண்டும்; வங்கி எழுத்துமூலம் ஒப்பினால்தான் கெடு 3 மாதம் வரை நீளும். தவறினால் கட்டியது போய்விடும். ஓய்வுப் பணம் கைக்கு வருமுன் தயவுசெய்து ஏலம் கேட்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் போச்சம்பள்ளிப் பக்கம் ஏலத்துக்கு வந்த ஒரு மாந்தோப்பை நண்பருக்காகப் பார்க்கப் போனேன். பட்டா, வில்லங்கச் சான்று, அளவு எல்லாம் சரியாக இருந்தன. தோப்பில் நின்றபோதுதான், கிணறு அடுத்த புல எண்ணில் இருப்பதும், வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் முறை வாய்ப்பேச்சாகவே நடந்து வந்ததும், வண்டிப்பாதை பங்காளியின் பட்டா நிலத்தில் ஓடுவதும் தெரிந்தன. மோட்டார் கொட்டகைத் திண்ணையில் இருந்த பெரியவர், "யார் வாங்கினாலும் எங்களைக் கேட்டுத்தானே தண்ணி எடுக்கணும்" என்றார். நண்பர் ஏலத்துக்கே போகவில்லை.

பழைய கோப்புகளைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கிருஷ்ணகிரி 2004-இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய ஆவணங்களில் தருமபுரி மாவட்டம் என்றும், 1965-க்கு முந்தையவற்றில் சேலம் மாவட்டம் என்றுமே இருக்கும். மாவட்டப் பெயர் பொருந்தவில்லை என்று தாளை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஓய்வு பெற இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதற்குள் வட்டாட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையையும் வங்கிகளின் ஏல விளம்பரங்களையும் தொடர்ந்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஊரில் ஒரு சொத்தைத் தேர்ந்து, வாங்கப் போவதுபோலவே அதன் வில்லங்கச் சான்றையும், கிராமத்து நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டையும் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரையும் அக்கம்பக்கத்து நிலக்காரர்களையும் விசாரித்து, அது என்ன விலைக்குப் போகிறது என்று குறித்து வையுங்கள். நான்கைந்து சொத்துகளை இப்படிப் பார்த்த பிறகு எழுதுங்கள். உங்கள் குறிப்புகளைக் கொண்டே பேசலாம்.