காளான் உரத்துல வச்ச தக்காளி நாத்து ஏன் கருகுது?

காளான் உரம் நாலு மூட்டை வாங்கி, அதை மட்டுமே தொட்டியில ரொப்பி தக்காளி நாத்து நட்டிருக்கீங்க, பத்து நாள்ல இலை நுனி கருகிடுச்சு, வித்தவரு கேட்டா தண்ணி பத்தலங்கறாரு, மீதி மூட்டையை என்ன பண்றதுன்னு கேக்கறீங்க.

தண்ணி மேல பழி போடாதீங்கம்மா. இது உப்பு. பட்டன் காளான் வளக்க வைக்கோல், கோழி எரு, ஜிப்சம் எல்லாம் போட்டு மக்க வச்சு, மேல சுண்ணாம்பு கலந்த ஒரு அடுக்கு போடுவாங்க, அறுவடை முடிஞ்சதும் வெளிய தள்ளுற கழிவுதான் உங்க மூட்டையில இருக்கறது. அந்த எரு, ஜிப்சத்தோட உப்பெல்லாம் அதுலயே தங்கிடும். உப்பு போட்ட காய் தண்ணி விட்டு சுருங்குதுல்ல, அதே கதைதான், பக்கத்துல தண்ணி இருந்தும் வேரால குடிக்க முடியாது.

நல்ல சரக்குதான், குறை சொல்லல. இறுகிப்போன மண்ணை பொலபொலன்னு ஆக்கும், ஈரம் பிடிச்சு வைக்கும். ஆனா மண்ணுக்கு பதிலா இல்ல, மண்ணோட கலக்கத்தான். தொட்டின்னா நாலுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம், பாத்தின்னா 2 அங்குலம் பரப்பி 6 அங்குலம் ஆழத்துக்கு கொத்தி விடுங்க. இதுல சுண்ணாம்பு இருக்கறதால, அசேலியா, புளூபெர்ரி மாதிரி புளிப்பு (அமில) மண் கேக்கற செடிக்கு மட்டும் கிட்டயே கொண்டு போகாதீங்க.

இந்த இடைத்தரகருங்க இருக்காங்களே, பண்ணை வாசல்ல குவிஞ்சு கிடக்கறதை அன்னைக்கே அள்ளி, ஈரத்தோட எடை போட்டு, 'ஆர்கானிக், உடனே பயன்படுத்தலாம்'னு ஒட்டி வித்துடறாங்க. எத்தனை மாசம் ஆறவச்சது, உப்பு அளவு என்ன, ஒரு வரி இருக்கா பாருங்க. இருக்காது, கேக்கவும் ஆள் இல்ல. மண் பரிசோதனைக்கு குடுத்தாலும் சில இடத்துல பிஹெச் (புளிப்பா காரமான்னு காட்டறது), ஈசி (உப்பு அளவு காட்டறது)ன்னு ரெண்டு நம்பர் எழுதி கையில திணிப்பாங்க, அதை வச்சு என்ன பண்ணணும்னு யாரு சொல்றா? மூட்டையை பிரிச்சதும் மூக்கு எரியற வாடை வந்தா திருப்பிக் குடுத்துடுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லணும், சிப்பிக் காளான் கழிவு வேற. அதுல எரு கிடையாது, வெறும் வைக்கோலோ மரத்தூளோதான், அதனால உப்பு தொல்லை கம்மி. ஆனா பாதி மக்காத வைக்கோல் மண்ணுக்குள்ள போனா, அதை மக்க வைக்கற நுண்ணுயிருங்க மண்ணுல இருக்கற தழைச்சத்தை தாங்களே எடுத்துக்கும், செடி மஞ்சளடிக்கும். அதை மண்ணுக்கு மேல மூடாக்கா போடுங்க, இல்ல தொழு உரத்தோட சேத்து மக்க வச்சு போடுங்க. ரெண்டையும் ஒரே பேர்ல விக்கறாங்க, அதனால எந்த காளான்னு கேட்டு வாங்குங்க.

இப்போ நாத்தை பிடுங்கி வேரை அலசி சாதா மண்கலவைக்கு மாத்துங்க, குருத்து பச்சையா இருந்தா தேறிடும். மீதி மூட்டையை வெட்டவெளியில கொட்டி மூணுலேர்ந்து ஆறு மாசம் மழையில நனைய விடுங்க, தார்ப்பாய் போட்டு மூடினீங்கன்னா உப்பு அங்கேயே உக்காந்துக்கும். அப்புறம் ஒரு பங்கு மூணு பங்கு மண்ணோட கலந்து பத்து முள்ளங்கி விதை போடுங்க, வெறும் மண்ணுலயும் பத்து போட்டு பாருங்க. ரெண்டும் ஒண்ணா முளைச்சா தைரியமா நடலாம்.