க்ளோ சேன்ட் ஹ்யூன் 2013: இப்போதே திறக்கலாமா, இன்னும் வைத்திருக்கலாமா?

கேள்வி: நாங்கள் பிரான்சின் லியோன் நகரில், நிலவறை இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். என் கணவர் பணி ஓய்வு பெற்றபோது, உடன் பணிபுரிந்தவர்கள் டிரிம்பாக் குடும்பத்தாரின் ‘க்ளோ சேன்ட் ஹ்யூன்’ 2013 என்னும், ரீஸ்லிங் வகைத் திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் புட்டி ஒன்றைப் பரிசளித்தார்கள். அன்று முதல் அது வரவேற்பறை அலமாரியில் நின்றுகொண்டிருக்கிறது. அடியில் கண்ணாடித் துகள் போல ஏதோ படிந்திருக்கிறது. இந்த ஒயினில் பெட்ரோல் வாடை வரும் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். விலை சில நூறு யூரோ என்கிறார்கள். ஆனால் உயர்தரத் தோட்டத்து ஒயின் என்பதைக் காட்டும் ‘கிராண்ட் க்ரூ’ என்ற சொல் லேபிளில் எங்கும் காணவில்லை. இதைக் குடிக்கலாமா? குடிக்கலாம் என்றால் எப்போது, எப்படி?

பதில்: வரும் குளிர்காலத்திலேயே திறந்துவிடுங்கள். நீங்கள் கவலைப்படும் மூன்று விஷயங்களில் எதுவுமே குறையல்ல. எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த அலமாரிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் லேபிள். டிரிம்பாக் குடும்பம் 1626 முதல் பிரான்சின் வடகிழக்கிலுள்ள அல்சாஸ் பகுதியில் ஒயின் தயாரித்து வருகிறது. ரிபோவில்லே ஊரிலுள்ள நிறுவனத்தை இன்றும் அந்தக் குடும்பத்தாரே நடத்துகிறார்கள். பக்கத்து ஊரான ஹுனாவீரில், சுண்ணாம்புப் பாறை மண் கொண்ட சரிவில், 1.67 ஹெக்டேர் மட்டுமே பரப்புள்ள திராட்சைத் தோட்டம்தான் க்ளோ சேன்ட் ஹ்யூன். 1919 முதல் அதன் ஒயினைத் தனிப் பெயரில் வெளியிடுகிறார்கள். 1980களில் அல்சாஸின் உயர்தர நிலங்களுக்கு ‘கிராண்ட் க்ரூ’ எல்லை வகுக்கப்பட்டபோது, இந்தத் தோட்டம் சுமார் 26 ஹெக்டேர் பரப்புள்ள ரோசாக்கர் என்னும் கிராண்ட் க்ரூவுக்குள் அடங்கியது. எல்லைகள் அளவுக்கு மீறி விரிந்துவிட்டன என்று கருதிய பழைய குடும்பங்கள் சில, அந்தப் பெயரைத் தம் லேபிள்களில் அச்சிட மறுத்தன. டிரிம்பாக் குடும்பமும் அவற்றில் ஒன்று. ஆகவே உங்கள் லேபிளில் அந்தச் சொல் இல்லாததை வைத்துப் போலியோ என்று ஐயப்பட வேண்டாம்.

அடியில் படிந்திருப்பது கண்ணாடியும் அல்ல, சர்க்கரையும் அல்ல. திராட்சையில் இயல்பாகவே உள்ள டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்துடன் சேர்ந்து, குளிரிலும் காலப்போக்கிலும் படிகமாகிக் கீழே இறங்குகிறது. நம் சமையல் புளிக்குப் புளிப்பைத் தருவதும் இதே அமிலம்தான். உடலுக்கு எந்தத் தீங்கும் இல்லை. நாக்கில் பட்டால் மணல் போல நெருடும், அவ்வளவுதான்.

பெட்ரோல் வாடை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல ரீஸ்லிங் புட்டிகள் பல இந்த வாடையால் கெட்டுப்போனவை என்று எண்ணியே சமையலறைத் தொட்டியில் கொட்டப்படுகின்றன. திராட்சைத் தோலில் உள்ள கரோட்டினாய்டுகள் சிதைந்து உருவாகும் சேர்மங்கள், ஒயினின் அமிலச் சூழலில் ஆண்டுக்கணக்கில் மெல்ல மாறி, டிடிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு மணப் பொருளைத் தோற்றுவிக்கின்றன. மற்றத் திராட்சை வகைகளைவிட ரீஸ்லிங்கில் இது அதிகம் உருவாகிறது. பழங்கள் கடும் வெயிலில் காய்ந்திருந்தாலோ, புட்டி வெப்பமான இடத்தில் இருந்திருந்தாலோ அளவு கூடும். வயதான நல்ல ரீஸ்லிங்கில் இந்த மணம் தனித்து நிற்காது; எலுமிச்சைத் தோல், தேன்மெழுகு, ஈரக்கல் ஆகியவற்றின் மணங்களுக்கு நடுவே ஒரு கீற்றாக வரும். கிண்ணத்தில் ஊற்றியதும் தூக்கலாகத் தெரிந்தாலும், காற்றுப் பட்டதும் பெரும்பாலும் அடங்கிவிடும். அஞ்ச வேண்டிய வாடை வேறு: ஈரமான அட்டைப் பெட்டியைப் போல, பூட்டிக் கிடந்த அறையைப் போல நாறினால் அது கார்க்கினால் வந்த கேடு. எவ்வளவு நேரம் காற்றில் வைத்தாலும் அது போகாது.

இனி அந்த அலமாரி. இந்த ஒயின் நீண்ட ஆயுளுக்கென்றே உருவாக்கப்படுவது. மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் நொதித்தலை இந்தக் குடும்பத்தார் அனுமதிப்பதில்லை. புதிய ஓக் பீப்பாயின் மணமும் சேர்வதில்லை. சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்துத் தீர்ந்துவிடுகிறது. புட்டியில் அடைத்த பிறகும் ஐந்தாண்டு அளவுக்குத் தங்கள் நிலவறையிலேயே வைத்திருந்துதான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். 2013 அல்சாஸில் குளிர்ச்சியான, அறுவடை தாமதமான ஆண்டு. புளிப்பு கூர்மையாக அமைந்தது. 12 டிகிரி செல்சியஸ் அளவில் சீரான குளிர்ச்சியும் இருட்டும் உள்ள நிலவறை உங்களிடம் இருந்திருந்தால், இன்னும் பத்தாண்டு வையுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்லியிருப்பேன். ஆனால் லியோனின் கோடையில் மூடிய வீட்டுக்குள் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த வெப்பத்தில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும். குளிரும்போது காற்று உள்ளே புகும். நிற்க வைத்த புட்டியில் கார்க் உலர்ந்து சுருங்கவும் கூடும். மற்றொரு கோடையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

திறப்பதற்கு முன் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒயின் கழுத்துப் பகுதி வரை நிறைந்து, வெளிர் பொன்னிறமாக இருந்தால் நல்ல அறிகுறி. மட்டம் தோள் வரை இறங்கியிருந்தாலோ, மூடியின் விளிம்பில் பிசுபிசுப்பான கறை இருந்தாலோ, நிறம் பழுப்பேறியிருந்தாலோ அதை விருந்தின் நடுநாயகமாக எண்ணாமல், மாற்றுப் புட்டி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்துக்கு முந்தைய நாள் புட்டியை நிற்க வைத்தே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். படிகங்கள் அடியிலேயே தங்கும். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, கார்க்கை மெதுவாக இழுத்து, புட்டியின் வாயைத் துடைத்து, கண்ணாடிக் குடுவை ஒன்றில் அலுங்காமல் சாய்த்து ஊற்றுங்கள். கடைசி இரண்டு விரல் அளவு புட்டியிலேயே இருக்கட்டும். கிண்ணங்களில் ஊற்றும்போது 11 அல்லது 12 டிகிரி இருந்தால் போதும். குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியில் நேராகப் பரிமாறினால் புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும், மணம் எழாது. இத்தகைய ஒயினுக்குப் பனிக்கட்டி வாளி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாய் சற்றுக் குறுகிய, வயிறு அகன்ற கிண்ணங்களைத் தேர்ந்தெடுத்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள்.

உணவில் எளிமை வேண்டும். வெண்ணெயில் வாட்டிய டிரவுட் மீன், வேகவைத்த பெரிய இறால், க்ரீம் சேர்த்த கோழி ஆகியவை நன்றாகப் பொருந்தும். மிளகாய்க் காரமும் வினிகரும் இதன் நுண்மையை அடித்துவிடும். ஒரே மூச்சில் முடித்துவிடாமல், கடைசிக் கிண்ணத்தை இரவு உணவு முடியும்வரை வைத்திருந்து குடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் மிகச் சிறந்த கிண்ணமாக இருக்கும். மிச்சமானால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும்.

இந்தச் சுவை உங்கள் இருவருக்கும் பிடித்துப்போனால், அடுத்த முறை அதே குடும்பத்தின் ‘ஃப்ரெடெரிக் எமில்’ ரீஸ்லிங்கைத் தேடுங்கள். கைஸ்பெர்க், ஓஸ்டர்பெர்க் ஆகிய இரு சரிவுகளின் பழங்களைச் சேர்த்துச் செய்வது. போக்கும் உறுதியும் இதை ஒத்தவை, விலை இதைவிட மிகக் குறைவு. வாங்குவதைக் கோடை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.