போனைப் பிடுங்கலாமா?

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள் ராத்திரி 1 மணி வரை இன்ஸ்டாகிராம் பார்க்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று "நான் குண்டா இருக்கேன்" என்று அழுகிறாள். போனைப் பிடுங்கிவிடலாமா?
– ஒரு தாய், கரூர்

பதில்: அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள் அம்மா, ஒளித்துப் பார்ப்பாள், உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவாள். அந்த அழுகை வெறும் பிடிவாதம் இல்லை; 2021-இல் வெளியே கசிந்த, இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் (இப்போது மெட்டா) சொந்த ஆய்விலேயே, உடம்பைப் பற்றி வருத்தப்பட்ட பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருந்தார்கள். முதலில் தூக்கம். 10 மணிக்கு மேல் எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்துத்தான், ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கங்களைப் பார்த்தால் மனசு சுருங்குகிறது என்று கேட்டு, அவள் கையாலேயே அன்ஃபாலோ பண்ணச் சொல்லுங்கள். அதே போனில் மனநல மருத்துவர்கள் தமிழில் பேசும் வீடியோக்களும் உண்டு, வீட்டில் சொல்லக் கூசுவதை அங்கே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதைப் பார்த்துத் தனக்குத் தானே நோய்ப்பெயர் வைத்துக்கொள்வது வேண்டாம். சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, சாகணும் என்று ஒரு வார்த்தை சொன்னாலோ காத்திருக்காதீர்கள், உடனே 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.