மதுரைக்கு எத்தனை எழுத்து?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருநகரில் வசிக்கிறேன், சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நிரலாளராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்கள் ஐந்து பேர் ஒரு டீக்கடையில் கூடுவது எங்கள் நீண்ட நாள் வழக்கம். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஆண்ட்ராய்டா ஐபோனா, விண்டோஸா லினக்ஸா, நிரலின் வரியை உள்தள்ள டேப் விசையா இடைவெளி விசையா என்றுதான் போய் முடியும். இதுவரை அதில் மனக்கசப்பு வந்ததில்லை. சென்ற மாதம் வந்துவிட்டது.

திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடை ஒன்றுக்காக, வாடிக்கையாளர்கள் தாங்களே பெயர்களையும் ஊரையும் உள்ளிடும் வலைப்பக்கம் ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் செய்துகொண்டிருந்தோம். ஒரு வரியில் இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்று கடைக்காரர் வரம்பு சொல்லியிருந்தார். நான் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய பகுதி ‘மதுரை’ என்ற சொல்லுக்கு 5 எழுத்து என்றது. நண்பர் கோ மொழியில் எழுதிய பகுதி 15 என்றது. கடைக்காரர் விரல்விட்டு எண்ணி 3 என்றார். “உன் மொழிக்கு எண்ணத் தெரியாது” என்று நான் சொல்லப்போக, நான்கு வாரமாக நண்பர் டீக்கடைப் பக்கமே வரவில்லை. “இந்தச் சண்டையில் யாருக்கு என்ன கிடைத்தது?” என்று என் மனைவி கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்க்கும் நீங்கள் இந்த வாதங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எந்த முறையில் தட்டச்சு செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

(பெயரை வெளியிட வேண்டாம்)
திருநகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்கும் அந்தச் சண்டைதான், உங்கள் டீக்கடையில் இதுவரை நடந்த வாதங்களுள் உருப்படியானது என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவை நடுவர் இல்லாத பட்டிமன்றங்கள். அவற்றில் தவறொன்றும் இல்லை. பட்டிமன்றத்தை ரசிக்காதவன் மதுரையில் எப்படிக் காலம் தள்ளுவது? ஆனால் அவை எதைப் பற்றியவை என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் நண்பர்களுக்குள் வருத்தம் வராது.

டேப் விசையா இடைவெளி விசையா என்பதையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸின் மையப் பகுதியான கருவுக்குரிய நிரல்நடை விதிகள் 8 இட அகலமுள்ள டேப்பைக் கேட்கின்றன; பைத்தானின் நடைக் கையேடு 4 இடைவெளிகளைப் பரிந்துரைக்கிறது. இரண்டு முறைகளிலும் உலகத்தின் பெரும் மென்பொருள்கள் எழுதப்பட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் நண்பர் டேப் கட்சியில் இருப்பவரானால் அது அவருடைய கொள்கையாகக்கூட இருக்க வேண்டியதில்லை, ஏனெனில் கோ மொழியோடு சேர்ந்தே வரும் சீரமைப்புக் கருவி யாரையும் கேட்காமல் டேப்பைத்தான் போடுகிறது. வி.ஐ. என்ற உரைத்தொகுப்பியில் சுட்டியை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் விசைகளைப் பயன்படுத்துவதை ஆழ்ந்த திட்டமிடலின் விளைவு என்று இன்று பலர் போற்றுகிறார்கள். பில் ஜாய் 1976 வாக்கில் அதை உருவாக்கியபோது அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ (ADM-3A) என்ற, திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கணினி முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. அந்த நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் வரையப்பட்டிருந்தன. பாட்டி அம்மியை எந்தச் சுவரோரம் போட்டாளோ அந்தச் சுவருக்கு நாம் பிறகு வாஸ்து சொல்வதைப் போன்றது இது. கைக்குப் பழகியதை மனம் நியாயப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் உங்கள் கையோடு நின்றுவிடும் வரை அதனால் யாருக்கும் நட்டமில்லை.

நட்டம் வருவது, ஒருவருடைய வசதி மற்றவர்களின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும்போது. இதற்கும் டேப் விசையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல், நிரல்களைத் தொகுக்க உதவும் ‘மேக்’ என்ற கருவியை எழுதியபோது, அதன் கோப்பில் கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி அமைந்துவிட்டது. அது தொல்லை என்று விரைவிலேயே தெரிந்தும், அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் அவருடைய நண்பர்கள், பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் அவர்களுக்குச் சிரமம் தர வேண்டாம் என்று அவர் மாற்றாமல் விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரின் சிரமத்தைத் தவிர்த்ததற்கான விலையை இன்றும் புதிதாக அந்தக் கருவியைத் தொடும் ஒவ்வொருவரும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடத்தால் நிரல் ஏன் ஓட மறுக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். யாராவது வாதிட்டிருக்க வேண்டிய நேரம் அந்த முதல் சில வாரங்கள்தான்.

இது எனக்குப் புத்தியில் உறைத்தது நிரல் எழுதியதால் அல்ல. நிரலில் ஒரு வரிகூட எனக்கு எழுதத் தெரியாது. 1999இல் என் கதைகளைத் தொகுத்து நூலாக்கியபோது, மேலமாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு டி.டி.பி. கடையில் அதைக் கோத்தார்கள். பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்து, டிரேசிங் தாளில் அச்செடுத்து, பிளேட் போட அனுப்பும் காலம். எந்த எழுத்துருவில் ழகரத்தின் சுழி அழகாக இருக்கிறது என்று நான் அங்கே இரண்டு மாலைப் பொழுதுகள் நின்று வாதிட்டேன். கடைசியில் உரைக்கு ஒன்று, கதைமாந்தர் எழுதும் கடிதங்களுக்கு வேறொன்று என்று முடிவாயிற்று. வேலை முடிந்ததும் மூன்று பிளாப்பிகளை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். நூலே அதற்குள் பத்திரமாக இருப்பதாக எண்ணி நான் அவற்றைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

பதினாறு ஆண்டுகள் கழித்து இரண்டாம் பதிப்புக்காக எடுத்தபோது, பிளாப்பியைப் படிக்கும் கணினியே அருகில் எங்கும் இல்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதன் பிறகு அந்த மென்பொருளே நின்றுபோயிற்று. பழைய கடைக்காரர் நல்ல மனிதர். மூலையில் கிடந்த கணினி ஒன்றைத் தூசு தட்டி எழுப்பி, உரையை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திறந்தேன். ‘மதுரை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள் நின்றன: சின்ன கே, பெரிய ஜே, சின்ன ஐ, சின்ன யூ. பாமினி வகை எழுத்துருக்கள் அப்படித்தான் வேலை செய்தன. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், கோப்புக்குள் ஆங்கிலம். நான் தமிழில் எழுதிய நூலின் கோப்பில் ஒரு தமிழ் எழுத்துகூட இருந்ததில்லை.

அந்த வகை எழுத்துருவை இன்றைய தமிழ் எழுத்தாக்கித் தரும் ‘மாற்றி’ என்ற மென்பொருள் இருந்ததால் உரைப்பகுதி தப்பியது. கடிதங்களுக்கென்று நான் அடம்பிடித்துத் தேர்ந்தெடுத்த அந்த இரண்டாவது எழுத்துரு எந்த வரிசையைப் பின்பற்றியது என்று சொல்ல ஆளில்லை. நாற்பது பக்கங்களை அச்சுநூலைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். தப்பிய பகுதியிலும் ஒரு வம்பு இருந்தது. ‘கௌரவம்’ என்று தேடினால் கணினி இல்லை என்கிறது, கண்ணெதிரே பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறது. பழைய கோப்பில் ஔகாரக் குறி என்று தனியாக எதுவும் கிடையாது; ஒற்றைக் கொம்பும் ககரமும் ளகரமும் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டிருந்தன. மாற்றியும் அதை அப்படியே ‘கெள’ என்று இரண்டு எழுத்தாக்கிவிட்டது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அது வேறு சொல்.

வேடிக்கை என்னவென்றால், நான் ழகரத்தின் சுழிக்காக வாதிட்டுக்கொண்டிருந்த அதே 1999இல், பிப்ரவரி மாதம், சென்னையில் தமிழ்நெட் 99 மாநாட்டில் இந்தக் குளறுபடியைத் தீர்ப்பதற்காகவே பொறியாளர்களும் தமிழறிஞர்களும் மோதிக்கொண்டிருந்தார்கள். அதன் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகையையும் டேப், டேம் என்ற இரு குறியாக்கங்களையும் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினிக்குச் சொல்லும் பட்டியல்கள்) தமிழக அரசு தரமாக ஏற்றது. (இந்த டேப், உங்கள் டேப் விசை அல்ல!) மறுபக்கம் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் இருந்து கூடிப் பேசியவர்கள் டிஸ்கி என்ற இன்னொரு குறியாக்கத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடிலோ 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 வந்தபோது ‘லதா’ எழுத்துருவோடு அது மேசைக் கணினிக்கும் வந்தது. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்து, கூடவே 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்16 குறியாக்கத்தையும் மாற்றாக வைத்துக்கொண்டது. உயிர்மெய்யை மெய்யாகவும் குறியாகவும் பிய்த்து வைக்கும் யூனிகோடு தமிழின் எழுத்துமுறைக்குப் பொருந்தவில்லை என்று டேஸ் அணியினர் சொன்ன குறை சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. அந்த நாள்களில் இவற்றையெல்லாம் வேலையற்றவர்களின் சச்சரவு என்று நான் கேலி பேசியிருக்கிறேன். என் நூல் பிற்காலத்தில் திறக்குமா திறக்காதா என்பதைத்தான் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் மதுரைக்கு வருகிறேன். மகரம், தகரம், உகரக் குறி, ரகரம், ஐகாரக் குறி என்று யூனிகோடு அதை ஐந்து துண்டாக வைத்திருக்கிறது. உங்கள் பைத்தான் துண்டுகளை எண்ணி 5 என்றது. யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட்டு ஆகிறது; நண்பரின் கோ மொழி பைட்டுகளை எண்ணி 15 என்றது. துண்டுகளை எண்ணும் வழி அதிலும் தனியாக உண்டு. பைத்தானும் அதன் இரண்டாம் தலைமுறை வரை, சாதாரண எழுத்துச் சரமாக யூ.டி.எஃப்-8இல் கொடுத்தால், 15 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே எண்ணத் தெரியாதது எந்த மொழிக்கும் அல்ல. ஐந்து எழுத்து என்று நம்புவதில் என்ன ஆபத்து என்று பார்க்க, அந்தச் சொல்லைத் துண்டு துண்டாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஐகாரக் குறி அனாதையாக முன்னால் நிற்க, தகரத்துக்கு உரிய உகரம் ரகரத்தின் மேல் ஏறிக்கொண்டு ‘ரு, த, ம’ என்று வரும். ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியோ, கண் பார்ப்பதைப்போல, 3 என்று சொல்கிறது.

உங்கள் வலைப்பக்கத்துக்கு இந்த மூன்று எண்களும் வேண்டும். பெயரைச் சேமிக்கும் இடத்தின் அளவை நண்பரின் 15தான் தீர்மானிக்கிறது. அழைப்பிதழோடு குறுஞ்செய்தியும் அனுப்புவதாக இருந்தால் உங்கள் 5 தேவைப்படும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கிடைக்கிறது, தமிழ் வந்தால் அது 70 துண்டாகச் சுருங்கிவிடும், மீறினால் இரண்டு செய்திக்கான காசு. கடைக்காரரின் 3 வாடிக்கையாளருக்குப் புரியும் கணக்கு. ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியது இந்த மூன்றும் அல்ல, வரியின் அகலம். ‘ணை’ அடைக்கும் இடத்தில் பாதிகூட ‘ரி’ அடைக்காது. அச்சுக்கோத்த காலத்திலிருந்து கைக்கணக்காக வந்த வரம்பை அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதே எழுத்துருவில் வரியைத் திரையில் வரைந்து, ஓரத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தை இருவரும் இப்போதே பேசி முடிக்காவிட்டால், பத்தாண்டு கழித்து யாரோ ஒருவர் பாதியில் அறுந்த மணமகள் பெயரோடு உங்களைத் தேடி வருவார். உங்கள் மனைவியின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

நான் தமிழ்99இல் தட்டச்சு செய்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன்; இரண்டு வாரம் விரல் வலித்தது. மகரம், தகரம், உகரம், ரகரம், ஐகாரம் என்று ஐந்து தட்டில் மதுரை வந்துவிடும். ஆங்கில ஒலிப்பு முறையில் எட்டுத் தட்டு. இருந்தும் என் அண்ணன் மகள் கைபேசியில் அந்த எட்டையும் நான் ஐந்தைத் தட்டுவதற்குள் தட்டிவிடுகிறாள். அவளோடு நான் வாதிடுவதில்லை. அவள் கோப்பிலும் என் கோப்பிலும் இருப்பது அதே ஐந்து துண்டு.

நண்பரிடம் முதலில் நீங்கள்தான் போக வேண்டும், சொல் உங்களுடையது. வெறுங்கையோடு போகாமல் ஒரு வேலையோடு போங்கள். அழைப்பிதழ் என்றால் ‘ஸ்ரீ’ வராமல் இராது. அது கண்ணுக்கு ஒன்று, ஸ்விஃப்டுக்கு இரண்டு, பைத்தானுக்கு நான்கு, கோ மொழிக்குப் பன்னிரண்டு. போதாததற்கு, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ என்ற எழுத்தை வைத்து அதே வடிவத்தை இன்னொரு விதமாகவும் எழுதலாம். இரண்டு விதமாகவும் உள்ளிடப்பட்ட ஒரே பெயரை உங்கள் வலைப்பக்கம் ஒருவராக எடுத்துக்கொள்கிறதா, இருவராகவா என்று அவரைக் கேளுங்கள்.

அன்புடன்.